பாவாடைக்கு அரைப் பேர்

முப்பிடாதி சேலை கட்டிக்கொண்டு பெரட்டுக்கு வந்த காலையை இன்றைக்கு எப்படியும் எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். சென்ற வாரமே எழுதியிருக்க வேண்டியது. மழையைப் பற்றியும் அட்டைக்கடியைப் பற்றியும் எழுதி இடத்தை நிரப்பிவிட்டேன். அவளைப் பற்றி எழுதலாம் என்று பேனாவை எடுத்தால் எனக்கு உடனே வேறு ஏதாவது ஞாபகம் வந்துவிடும். மனசு அப்படித் தப்பித்துக்கொள்கிறது.

பெரட்டு என்றால் என்ன என்று போன தடவை ஒரு வாசகர் கேட்டிருந்தார். விடிந்தும் விடியாமலும் எஸ்டேட் ஆட்கள் எல்லோரும் களத்தில் வந்து நிற்பார்கள். கங்காணி பேர் கூப்பிட்டு, அன்றைக்கு யார் எந்த மலைக்கு வேலைக்குப் போவது என்று சொல்வார். அதுதான் பெரட்டு. உடும்பஞ்சோலைக்கு மேலே, மேகம் வந்து தங்கிப் போகிற ஒரு தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் இருந்தோம். எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம். தென்மேற்கு மழை தொடங்கப்போகிற சமயம்.

அன்று பனி கண்ணை மறைத்தது. களத்தைச் சுற்றி இருந்த சில்வர் ஓக் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. எல்லோரும் கறுப்புக் கம்பளியைத் தலைவழியே போட்டுக்கொண்டு நின்றோம். நனைந்த கம்பளிக்கு ஒரு வாடை உண்டு. ஆட்டு வாடையும் புகை வாடையும் கலந்தது. இப்போதும் எங்காவது அது அடித்தால் சட்டென்று திரும்பிப் பார்க்கிறேன்.

அந்த வாடைக்கு நடுவே பாச்சை உருண்டை வாடை வந்தது. திரும்பினேன். கத்தரிப்பூ நிறத்தில், வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முப்பிடாதி நின்றாள். முந்தின நாள் சாயங்காலம் வரை பாவாடையும் ஆண்பிள்ளைச் சட்டையும் போட்டிருந்தவள். சேலை அவளுக்கு நீளம். இடுப்பில் பாதிச் சேலை மூட்டையாக இருந்தது.

சுப்பையா கங்காணி பேர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"யாரு இது? புதுசா வந்த பொண்ணா?"

"நல்லாப் பாருங்க அண்ணாச்சி. இருளப்பன் மக முப்பிடாதிதான்."

"அது தெரியுதுட்டி. இது என்ன கோலம்?"

"சேலை கட்டுனவளுக்கு என்ன பேரு போடுவீகளோ, அதைப் போடுங்க."

கங்காணி பின்னால் நின்ற கண்டாக்டரைப் பார்த்தார். கண்டாக்டர் என்றால் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் இல்லை. கங்காணிகளுக்கெல்லாம் மேலே, தொரைக்குக் கீழே இருக்கிற மேற்பார்வைக்காரர். அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, சரி என்பதுபோல் தாடையை அசைத்தார்.

"முப்பிடாதி, முழுப் பேர்!"

கூட்டத்தில் ஒருத்தி நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். கல்யாண வீட்டுக் குலவை. எல்லோரும் சிரித்தார்கள். முப்பிடாதியும் சிரித்தாள். குலவை போட்டது வேறு யாருமில்லை, என் அம்மாதான்.

தராசுக்குத் தெரியாத சங்கதி

எஸ்டேட்டில் பேர் என்றால் கூலி. ஒரு நாள் வேலை பார்த்தால் ஒரு பேர். பார்த்த வேலை கங்காணிக்குப் பிடிக்கவில்லை என்றால் அரைப் பேர் போட்டு அனுப்பிவிடுவார். எங்களைப் போன்ற குமரிப் பிள்ளைகளுக்கு வேலை பிடித்தாலும் அரைப் பேர்தான். சரிபாதி என்று சொல்ல முடியாது. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பேச்சில் அது அரைதான். நாங்களும் அரையாள்தான்.

சர்க்கார் இதற்கெல்லாம் சட்டம் போட்டு வைத்திருந்தது. ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு, வளர்கிற பிள்ளைக்கு இவ்வளவு, குறைந்தது இதைக் கொடுக்க வேண்டும் என்று. அதெல்லாம் வயதை வைத்துச் சொன்னது. பதினெட்டு முடிந்தால் முழு ஆள்.

எங்களிடம் அந்த வயதுதான் இல்லை. எங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலை ஏறி வந்தவர்கள் எங்கள் அம்மாமார். எந்த வருடத்தில் பெற்றாய் என்று என் அம்மாவைக் கேட்டால், "குளம் ஒடைஞ்ச வருசத்துக்கு மறு ஐப்பசி" என்பாள். குளம் எப்போது உடைந்தது என்று கேட்டால், "நீ பெறக்கதுக்கு முந்துன வருசம்" என்பாள். அதற்கு மேல் கேட்டால் அடி விழும்.

ஆகவே எங்கள் மலையில் ஒரு வழக்கம். யார் உண்டாக்கியது என்று தெரியாது. பாவாடை கட்டியிருந்தால் அரைப் பேர். சேலை கட்டியிருந்தால் முழுப் பேர். எங்கள் சனத்தில் கல்யாணம் என்று வந்தால்தான் பெண் சேலை கட்டுவாள். அதனால் கல்யாணம் ஆகாதவள் எத்தனை வயதானாலும் அரையாளாகவே கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்க வேண்டியது. எஸ்டேட்டுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

தராசுக்கு மட்டும் இது தெரியாது. மத்தியானமும் சாயங்காலமும் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்த் தராசுக் கொக்கியில் மாட்டுவோம். என் கூடை அம்மாவின் கூடையைவிட முள்ளைக் கீழே இழுக்கும். ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"ஒன்னவிட நான் கூட எடுக்கேன். ஒனக்கு முழுப் பேரு, எனக்கு அரையா?"

"ஒன்னையே பெத்து எடுத்தவ நான். எனக்கு முழுப் பேரு போடாம வேற யாருக்குட்டி போடுவாக?"



ரூமுக்கு ஒரு பேர்

முப்பிடாதி காசுக்கு ஆசைப்பட்டுச் சேலை கட்டவில்லை. அதைச் சொல்லாவிட்டால் அவளுக்கு நான் துரோகம் செய்தவளாவேன்.

லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். குடும்பத்துக்கு ஒரு ரூம், முன்னால் ஒரு அடுப்படி. எங்கள் ரூமுக்கும் முப்பிடாதி ரூமுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரை வரை போகாது. மேலே இடைவெளி இருக்கும். அவர்கள் வீட்டுக் கருவாடு எங்கள் வீட்டில் மணக்கும். எங்கள் வீட்டுச் சண்டை அவர்கள் வீட்டில் கேட்கும்.

விளக்கு வைத்த பிறகு அம்மிக்கல்லைச் சுவரோரம் நகர்த்தி அதன்மேல் ஏறி நின்றால் எனக்கு அவள் முகம் தெரியும். அவள் அந்தப் பக்கம் தகரப் பெட்டிமேல் ஏறி நிற்பாள். என்னைவிடக் குள்ளம். ஒரு கொடை மூத்தவள். அதாவது எங்கள் மாரியம்மன் கோவிலின் வருடத் திருவிழாவான கொடை ஒன்று கூடுதலாகப் பார்த்தவள். "ஏளா தங்கம்" என்று அவள் கூப்பிடுவது போல என்னை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் "ஏளா" என்று கூப்பிடும் தைரியம் அவருக்கு இல்லை.

அந்தச் சுவருக்கு மேலேதான் கருப்பட்டித் துண்டு கைமாறும். ரிப்பன், சீப்பு, பொய், எல்லாம் கைமாறும். நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் கொழுந்து எடுப்போம். காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசிய பேச்சு போதாமல் சுவர்மேல் ஏறி மிச்சத்தைப் பேசுவோம்.

அவள் அம்மா கடைசிப் பிள்ளையைப் பெற்றபோது போய்விட்டாள். பிறகு அப்பா இருளப்பனும் அவளும் சின்னத் தங்கச்சியும்தான். அந்த வருடம் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும்போது இருளப்பன் மாமா சரிவில் உருண்டு கால் முறிந்தது. டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. இனி மலை ஏற முடியாது என்று ஆனது.

ஆபீசிலிருந்து ஆள் வந்து சொன்னார். ஒவ்வொரு ரூமுக்கும் குறைந்தது ஒரு முழுப் பேர் இருக்க வேண்டும். அரைப் பேருக்கு ரூம் கிடையாது. மழை முடிவதற்குள் காலி செய்துவிட வேண்டும்.

ரூம் போனால் முப்பிடாதி போவாள். எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும், கீழே, நாங்கள் இருவரும் நினைவு தெரிந்து பார்த்திராத சொந்த ஊருக்கு. அன்று சாயங்காலம் சுவர்மேல் ஏறினேன். அவள் பெட்டிமேல் ஏறவில்லை. பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னட்டி தேடுத?"

"எங்க அம்மை சேலை ஒண்ணு கெடக்கும்."

"அது என்னத்துக்கு இப்ப?"

"முழுப் பேரு வேணும்னா சேலை வேணும்லா" என்றாள். "கங்காணி வயசையா பாக்காரு? துணியைத்தான பாக்காரு. காட்டிட்டாப் போச்சு."

எனக்கு அது உலகத்திலேயே பெரிய புத்தியாகப் பட்டது. இருளப்பன் மாமா மட்டும் பாயில் படுத்தபடி, "கல்யாணம் ஆகாத பிள்ளை சேலை கட்டுனா சனம் என்ன சொல்லும்?" என்று முனகினார். "ரூமு போனா சனம் வந்து கூரை போட்டுத் தருமாய்யா?" என்றாள் அவள்.

சாயம்

மறுநாள் நடந்ததைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். முழுப் பேர் விழுந்தது. ஆபீஸ் ஆள் ரூம் பக்கம் வரவில்லை. நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

சேலையோடு தேயிலைக்குள் இறங்குவது பழக்கமில்லாதவளுக்குக் கஷ்டம். செடிக்குச் செடி மாட்டும். சேலைக்குமேல் படங்கு என்கிற சாக்கை இடுப்பில் கட்டி, அதற்குமேல் கம்பளியைப் போட்டு, அவள் உருண்டு உருண்டு போவாள். மழை பிடித்ததும் சுங்குடிச் சாயம் இறங்க ஆரம்பித்தது. முழங்காலிலிருந்து பாதம் வரை கத்தரிப்பூ நிறம். அட்டைக்குப் பூசிய சுண்ணாம்பும் புகையிலையும் அதன்மேல் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருக்கும்.

"அட்டைகூட என் காலைக் கண்டா பயந்து ஓடுது பாத்தியா" என்பாள்.

பாவாடையையும் சேலையையும் ஒரே வாளியில் முக்கிவிட்டாள். பாவாடையின் ஓரமெல்லாம் ஊதாக் கறை. அதற்கு மூக்கைச் சிந்தி அழுதாள். ரூம் போகிறது என்றபோது அழாதவள் அதற்கு அழுதாள்.

அந்த மழைக்காலம் முழுவதும் அவள் முழு ஆள், நான் அரையாள். எனக்குப் பொறாமையே இல்லை. நம்பினால் நம்புங்கள். பக்கத்து நிரையில் அவள் இருந்தாள். சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். எனக்கு வேறு என்ன வேண்டும்? மழைச் சத்தத்தில் பேச்சுக் கேட்காமல் சுவர்மேல் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு கத்துவோம். அந்தச் சுண்ணாம்புச் சுவரின் குளிர்ச்சி இன்னும் என் கன்னத்தில் இருக்கிறது.

நடுவில் ஒரு வார்த்தை

இப்போது நான் மகள் வீட்டோடு வடகரப்பதியில் இருக்கிறேன். சோளக்காட்டுக் காற்று. மழை என்றால் இங்கே எல்லோரும் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள். "ஏனுங்க சம்பந்தி, இத்தன நேரமா எழுதறீங்க, கை வலிக்காதுங்களா?" என்று மகளின் மாமியார் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி எலப்புள்ளிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். போன வாரம் அவளைப் பிடித்து விசாரித்தேன்.

"என்ன வேலை கண்ணு?"

"மத்தவங்க செய்யற அதே வேலைதானுங்க."

"அதே சம்பளமா?"

"இல்லீங்க. நான் ட்ரெய்னிங்க. ட்ரெய்னிங் முடியட்டும்ங்கறாங்க."

"எப்ப முடியும்?"

"அது தெரியலீங்களே" என்று சிரித்தாள். போன வருடமும் அவள் ட்ரெய்னிதான்.

நான் அவள் கழுத்து அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பாவாடை, இவளுக்கு அட்டை. கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் என்னை இந்த வாரம் முப்பிடாதியிடம் இழுத்துக்கொண்டு வந்தது என்று நினைக்கிறேன்.

மாமன் வந்தார்

மழை விட்டதும் மாரியம்மன் கொடை. கீழிருந்து சொந்தக்காரர்கள் போடிமெட்டு வழியாக ஏறி வருவார்கள். பஸ்ஸில் பாதி, நடையில் பாதி. முப்பிடாதியின் தாய்மாமனும் வந்தார். வெற்றிலை வாய், நல்ல சிரிப்பு, கை நிறையக் கருப்பட்டி. எனக்கும் இரண்டு வட்டு கொடுத்தார். அவர்மேல் எனக்கு இன்றுவரை வெறுப்பு வரவில்லை. வந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பெரட்டு இல்லாத நாள்தான். ஆனால் பாவாடையில் திரும்பவும் கங்காணி கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அவள் கோவிலுக்கும் சேலைதான் கட்டிக்கொண்டு வந்தாள். மாமன் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

எங்கள் சனத்தில் ஒரு பெண் முதல்முதலில் கட்டுகிற சேலை தாய்மாமன் சேலையாக இருக்க வேண்டும். அவர் எடுத்துக் கொடுத்து, அதைக் கட்டினால்தான் அவள் கல்யாணத்துக்கு நிற்கிறாள் என்று அர்த்தம். மாமனுக்கு மகன் இருந்தால் அவனுக்குத்தான் முறை. மாமனைக் கேட்காமல் சேலை கட்டுவது என்றால், வேறு யாருக்கோ பேசிவிட்டார்கள், அவரை ஒதுக்கிவிட்டார்கள் என்று ஊர் சொல்லும். சேலையைக் கங்காணிக்குக் காட்டினோம். மாமன் கண்ணிலும் அது படும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

"மச்சான், என் கைச் சேலை கட்டாம இவ எப்படிச் சேலை கட்டுனா?" என்று இருளப்பனிடம் கேட்டார். சத்தம் போடவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் தங்கச்சி செத்தா நானும் செத்துட்டனா ஒங்களுக்கு?"

இருளப்பன் மாமா பேர் விஷயத்தையும் ரூம் விஷயத்தையும் சொன்னார். மாமன் முழுவதையும் கேட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒரு ரூமுக்காகவா எம்மருமக மழையில கெடந்து சாகுதா? எம்பையன் இருக்கான். நீங்களும் சின்னதும் எங்கூட வந்து இருங்க. எங்க வீட்டுல இல்லாத ரூமா?"

நல்ல வார்த்தை. யார் மறுத்துப் பேச முடியும்? கால் போன மனிதர் அழுதுகொண்டே மச்சான் கையைப் பிடித்துக்கொண்டார். என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் ஒருத்திதான் அந்த நல்ல வார்த்தை வேண்டவே வேண்டாம் என்று நின்றேன்.

அன்றைக்குச் சுவர்மேல் அவளும் ஏறினாள், நானும் ஏறினேன். கோவிலில் நையாண்டி மேளம் இன்னும் முடியவில்லை.

"மாட்டேன்னு சொல்லுட்டி" என்றேன்.

"என்னன்னு சொல்ல? மாமா நல்லவுக. அத்தானும் குடிகாரன் கிடையாது. அய்யாவுக்கும் சோறு போடுதேன்னு சொல்லுதாக." சுவரின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "ஆனா நான் கேட்டது இது இல்லட்டி. நான் இந்த ரூமுல இருக்கதுக்குத்தான கட்டுனேன்."

கையைச் சுவர்மேல் வைத்தாள். நான் அதன்மேல் என் கையை வைத்தேன். சாயம் அவள் நகக்கண்ணில்கூட ஏறியிருந்தது.

கிளம்புகிற அன்று மாமன் எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள். அழகாக இருந்தாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஜீப் நின்ற இடத்தில், மடித்து வைத்திருந்த பாவாடையை என் கையில் திணித்தாள். கறை படிந்த அதே பாவாடை.

"இதைப் போட்டுக்கோ. நீ சேலை கட்டிராதட்டி" என்றாள்.

ஜீப் வளைவில் திரும்பும்வரை அவள் தங்கச்சிதான் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. முப்பிடாதி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கியிருப்பாள்.

கொழுந்தா, கல்யாணமா?

அவள் போனபின் வந்த குளிர்காலத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பக்கத்து நிரையில் வேறு ஒருத்தியை விட்டார்கள். கெட்டவள் இல்லை. அவள் பேசுவாள், நான் ம் போடுவேன். அம்மா மட்டும் விடாமல், "நீயும் ஒரு சேலையைச் சுத்திக்கிட்டுப் போட்டி, முழுப் பேரு விழும்லா" என்று பிடுங்கிக்கொண்டிருந்தாள். முப்பிடாதியின் பாவாடை எனக்குக் கணுக்காலுக்கு மேலே நின்றது. அதையேதான் துவைத்துத் துவைத்துக் கட்டினேன்.

யூனியன்காரர்கள் எழுதிப் போட்டு, கீழிருந்து ஒரு லேபர் ஆபீசர் வந்தார். மலையாளி. கழுத்தில் மப்ளர், காதில் பஞ்சு. குளிர் தாங்காமல் டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். களத்தில் அரையாட்களை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருத்தியிடமும் வயதைக் கேட்டார். ஒவ்வொருத்தியும் கங்காணி முகத்தைப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னாள். என் முறை வந்தது.

"எத்தர வயஸ்ஸாயி?"

"தெரியாது சார்."

அவர் கண்டாக்டர் பக்கம் திரும்பி, அப்படியானால் எதை வைத்து அரை, முழு என்று போடுகிறீர்கள் என்று கேட்டார். கண்டாக்டர் இதில் என்ன சந்தேகம் என்பதுபோல, பாவாடை என்றால் அரை, சேலை என்றால் முழு என்றார். ஆபீசர் என்னைப் பார்த்தார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"எந்நால் நினக்கு சாரி உடுத்தூடே?"

நீ சேலை கட்டிக்கொள்ளக் கூடாதா என்கிறார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, அத்தனையும் வந்துவிட்டது.

"கட்டுனவ போயிட்டா சார். இது அவ பாவாடை. இதைக் கட்டிக்கிட்டு அவ எடுத்த கொழுந்துக்கு அரைப் பேருதான் போட்டாக. சேலை கட்டுனா முழுசுன்னாக, கட்டுனா. சேலையைப் பாத்துட்டு மாமன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாக. நானும் கட்டுனா என்னையும் யாராவது வந்து கூட்டிட்டுப் போவாக. ஒங்களுக்குக் கொழுந்து வேணுமா, எங்களுக்குக் கல்யாணம் முடியணுமா, ஒண்ணைச் சொல்லுங்க!"

களம் சிரித்தது. நான் அழுதுகொண்டிருந்தேன். ஆபீசருக்கு என் தமிழ் பாதி புரியவில்லை. சுப்பையா கங்காணிதான் அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார். ஒரு வார்த்தையைக்கூட மாற்றாமல் சொன்னார். அதற்காக அந்த மனிதரை நான் இன்றும் நினைத்துக்கொள்வதுண்டு.

ஆபீசர் மத்தியானம் தராசடியில் வந்து நின்றார். பாவாடைக் கூடையும் சேலைக் கூடையும் மாறி மாறிக் கொக்கியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மப்ளரை இறுக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அவ்வளவுதான் என்று அம்மா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுபடி மழை வருவதற்கு முன்னால் உத்தரவு வந்தது. இனி உடுப்பைப் பார்த்துப் பேர் போடக் கூடாது. அரையாட்களை டாக்டர் பார்த்து வயது சொல்ல வேண்டும். டிஸ்பென்சரியில் வரிசையாக நின்றோம். டாக்டர் சந்தையில் மாடு வாங்குபவரைப் போல வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். முழங்கை எலும்பை அமுக்கிப் பார்த்தார்.

"இதுக்குப் பதினெட்டு முடிஞ்சு ரொம்ப நாளாச்சே" என்று கம்பவுண்டரிடம் சொன்னார்.

அன்றைக்குத்தான் எனக்கு வயது கிடைத்தது. வெளியே வந்து வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கே பதினெட்டு முடிந்து நாளாகிறது என்றால், என்னைவிட ஒரு கொடை மூத்தவளுக்கு? அந்தச் சேலையை அவள் பெட்டியிலிருந்து எடுத்திருக்கவே வேண்டாம். பாவாடையோடு வந்து நின்றாலே அவள் முழு ஆள்தான். அப்போது அவள் வாயைத் திறக்கச் சொல்லி ஒருவர் பார்த்திருந்தால் போதும்.

மறுநாள் பெரட்டில் சுப்பையா கங்காணி கூப்பிட்டார்.

"தங்கம், முழுப் பேர்!"

நான் ஊதாக் கறைப் பாவாடையோடு நின்றேன். அம்மா குலவை போடவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அன்றைக்கு முழுவதும் கொழுந்து எடுத்தேன். சாயங்காலம் கால் கழுவினேன். விளக்கு வைத்தோம். அம்மிக்கல்லைச் சுவரோரம் நகர்த்தி ஏறி நின்றேன். பழக்கம்தான். நினைத்துச் செய்யவில்லை.

"ஏளா, எனக்கும் போட்டுட்டாகட்டி" என்றேன்.

அந்த ரூமுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருந்தது. அடுப்பை ஊதிக்கொண்டிருந்த பெண் புகைக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா வேணும்?"

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.